பழைய போஸ்டர்கள்: நிறமும் பாணியும் வசியமும் – வாசகர் கேள்விகள்

1860கள் முதல் 1940கள் வரையிலான போஸ்டர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பழைய பிரெஞ்சு போஸ்டர்களை நாலைந்து நிறத்தில்தான் அச்சடித்தார்கள் என்கிறார்கள். பார்த்தால் ஏகப்பட்ட நிறம் தெரிகிறதே, எப்படி?

நாலைந்துகூடச் சில சமயம் அதிகம். மூன்றே நிறத்தில் முடித்தவையும் உண்டு. அந்தக் காலத்துப் போஸ்டர்கள் லித்தோவில், அதாவது கல்லச்சில் அச்சானவை. 1790களின் கடைசியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. ஒரு நிறத்துக்கு ஒரு கல். 60 × 80 செ.மீ. பரப்பும் 10 செ.மீ. கனமும் உள்ள சுண்ணாம்புக் கல் 120 கிலோவைத் தாண்டும். ஐந்து நிறம் வேண்டுமென்றால் ஐந்து கல்லை அரைத்துச் சமன் செய்து, ஐந்திலும் வரைந்து, ஒவ்வொரு தாளையும் ஐந்து தடவை மெஷினில் ஓட்ட வேண்டும். நிறம் கூடக்கூடச் செலவும் கூடும், நாளும் கூடும்.

கல்லில் வேலை செய்வது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகை. கொழுப்புள்ள கிரேயானாலோ மையாலோ படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். அதன்மேல் பிசின் கரைசலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். பிறகு கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். அமிலம் கூடினால் மெல்லிய கிரேயான் தடங்கள் போய்விடும். ஈரம் குறைந்தால் வெற்றிடத்திலும் மை ஒட்டி, பின்னணி முழுக்க அழுக்குப் படிந்தது போலாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். லித்தோ மையை மெல்லியதாக ஓட்டினால் அடியில் இருப்பது மேலே தெரியும். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை, மஞ்சளின் மேல் சிவப்பு விழுந்தால் ஆரஞ்சு, சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா, மூன்றும் சேர்ந்தால் கரும்பழுப்பு. மூன்று கல்லில் ஏழு நிறம் கிடைத்துவிட்டது. அச்சு விழாத வெறும் தாள் எட்டாவது. இதைக் கரைத்துக் குடித்தவர் ழூல் ஷெரே. 1866-இல் லண்டனிலிருந்து பாரிஸ் திரும்பி அச்சகம் வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்டர்கள் செய்தார். அவர் இன்னும் இரண்டு வித்தைகளும் வைத்திருந்தார். ஒன்று, ஒரே உருளையில் இரண்டு மைகளை அக்கம்பக்கமாக வைத்து ஓட்டுவது; மேலே நீலமாகத் தொடங்கும் பின்னணி இறங்க இறங்க வேறு நிறமாகிவிடும், இதற்குத் தனிக் கல் தேவையில்லை. மற்றொன்று, விறைப்பான பிரஷ்ஷால் கல்லின் மேல் மையைச் சிதற அடிப்பது. அந்தப் பொடிப் புள்ளிகள் அருகில் மணல் மாதிரி தெரியும், பத்தடி தள்ளி நின்றால் மென்மையான சாயலாகக் கலந்துவிடும்.

பெரிய தலைவலி ரிஜிஸ்டர்தான். ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் துல்லியமாக விழ வேண்டும். தாளோ ஈரக்காற்றில் நீளும், காய்ந்தால் சுருங்கும். முதல் நிறம் அடித்த மறுநாள் இரண்டாவது நிறத்தை அடிக்கும்போது ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும், வெள்ளைக் கீற்று பல்லைக் காட்டும். அதனால்தான் இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஒன்றை மற்றதன் அடியில் கொஞ்சம் நீட்டி வரைந்தார்கள், சந்திப்பின் மேல் தடித்த கறுப்புக் கோட்டையும் போட்டார்கள். 'அந்தக் காலத்து ஸ்டைல்' என்று நாம் ரசிக்கும் அந்தத் தடித்த கோட்டுக்கு, குறையை மூடும் வேலையும் இருந்தது.

கேள்வி: துலூஸ்-லோத்ரெக்கின் முதல் போஸ்டரை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பிரெஞ்சு ஓவியர் லோத்ரெக் 1891-இல் பாரிஸின் மூலான் ரூஜ் கேளிக்கை அரங்குக்காகச் செய்தது. கிட்டத்தட்ட ஆள் உயரம், நாலு நிறம். ஒரு நல்ல பிரதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஆடும் லா கூலூவின் பாவாடை பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. அங்கே மையே இல்லை, வெறும் தாள். படத்தில் அதிக ஒளியுள்ள இடத்துக்கு ஒரு காசு மைச்செலவு கிடையாது. அவளுக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் முழுக்க ஒரே கறுப்பு நிழல். முகம், கண், மூக்கு எதுவும் கிடையாது, தொப்பிகளின் வெளிக்கோடு மட்டும். அந்தக் கறுப்புக்கு எதிரே நிற்பதால்தான் தாளின் வெள்ளை அவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது. முன்னால் மூக்கும் தாடையும் துருத்திய ஆண் உருவம் சாம்பல் சாயலில், சட்டத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்து எடுத்த உத்தி அது. முன்னால் ஒருவர் மறைப்பதால், பார்ப்பவர் தானும் அரங்குக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறார்.

அரங்கின் பெயர் மூன்று வரியில் மூன்று முறை வருகிறது. மூன்றுக்கும் பொதுவாக ஒரே பெரிய முதலெழுத்து. ஓடுகிற குதிரை வண்டியிலிருந்து பார்ப்பவன்கூட ஒரு முறையாவது படித்துவிடுவான்.

இதே அரங்குக்கு 1889-இல் ஷெரே ஒரு போஸ்டர் செய்திருந்தார். அதில் உற்சாகம் பொங்குகிறது, ஆனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெண்ணாக இருக்கலாம். லோத்ரெக் குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரியை வரைந்தார். விற்பனை உத்தியாகப் பார்த்தால் பின்னதே கெட்டிக்காரத்தனம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஆர்ட் நூவோ, ஆர்ட் டெக்கோ இரண்டையும் எப்போதும் குழப்பிக்கொள்கிறேன்.

இரண்டும் அலங்காரப் பாணிகள். கோட்டைப் பாருங்கள். கொடிபோல் வளைந்து நெளிந்து, முடியும் பூவும் உடையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் நூவோ; ஏறத்தாழ 1890 முதல் 1910 வரை. சாரா பெர்னார்ட் நடித்த நாடகத்துக்காக அல்ஃபோன்ஸ் முகா செய்து, 1895 ஜனவரியில் பாரிஸ் சுவர்களில் ஏறிய ஒல்லியான நெடும் போஸ்டர் நல்ல உதாரணம். நிறங்கள் மங்கிய தங்கம், பாசிப்பச்சை, வெளிர் பழுப்பு.

ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைந்ததுபோல் வட்டமும் கோணமும், ஏர்பிரஷ்ஷில் தெளித்த உலோகச் சாயலும் இருந்தால் டெக்கோ, 1920களும் 30களும். கசாந்த்ர் 1935-இல் நார்மண்டி கப்பலுக்குச் செய்ததைப் பாருங்கள். கப்பலின் மூக்கை நேர் கீழிருந்து காட்டுகிறார், தாள் முழுக்கக் கப்பல்தான். அடியில் மட்டும் பொடியாகச் சில பறவைகள். அந்தப் பறவைகளை விரலால் மறைத்துப் பாருங்கள், கப்பல் பொம்மையாகிவிடும். அளவைச் சொல்வது அவைதான்.

கேள்வி: சிவப்பு ஆத்திரத்தைத் தூண்டும், நீலம் நம்பிக்கை தரும், மஞ்சள் பசியைத் தூண்டும் என்று பட்டியல் போடுகிறார்களே, போஸ்டர்காரர்கள் அப்படித்தான் நிறம் தேர்ந்தார்களா?

அந்தப் பட்டியல்களை நம்பி நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே சிவப்பு 1920 ரஷ்யப் போஸ்டரில் புரட்சி, செஞ்சிலுவைப் போஸ்டரில் உதவிக்கரம், மது விளம்பரத்தில் கொண்டாட்டம். அர்த்தம் சூழலில் இருக்கிறது. போஸ்டர்காரர்கள் கணக்குப் போட்டது பக்கத்து நிறத்தை வைத்து. ஒரு நிறம் அதன் பக்கத்தில் இருப்பதைப் பொறுத்து மாறித் தெரியும் என்பதை, நெசவு நூல்களுக்குச் சாயமிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

லியோனெத்தோ கப்பியெல்லோ இதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1903-இல் ஒரு சாக்லேட் கம்பெனிக்கு அவர் செய்த போஸ்டரில் கறுப்புப் பின்னணியில் சிவப்புக் குதிரையும் அதன்மேல் பச்சை உடைப் பெண்ணும். சாக்லேட்டுக்கும் சிவப்புக் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் வேறெந்த போஸ்டரும் அப்படி இருக்காது; ஜனங்கள் பிராண்டை அந்தக் குதிரையை வைத்தே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: சிவப்பும் பச்சையும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தால் விளிம்பில் கண் கூசும், எழுத்து படிக்க வராது. சோதிக்க எளிய வழி, படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலானால் ஒன்றை இருட்டாக்க வேண்டும்.

கேள்வி: எழுத்தும் படமும் எவ்வளவு குறைவாக இருக்கலாம்?

1905-06 வாக்கில் பெர்லினில் ஒரு தீப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்கு லூசியன் பெர்ன்ஹார்ட் அனுப்பிய போஸ்டரில் இருந்தவை இரண்டு: பிராண்டின் பெயர், இரண்டு தீக்குச்சிகள். கருஞ்சிவப்புக் கலந்த பழுப்புப் பின்னணி, சிவப்புக் குச்சி, மஞ்சள் முனை, நீல எழுத்து. முதலில் மேசை, விரிப்பு, சாம்பல் கிண்ணம், சுருட்டு, புகையில் ஆடும் பெண்கள் எல்லாம் வரைந்துவிட்டு ஒவ்வொன்றாக நீக்கினார் என்றொரு கதை உண்டு. வெற்றி பெற்றது அந்தப் போஸ்டர்தான். பிறகு ஜெர்மனியில் 'பொருளும் பெயரும் மட்டும்' என்ற பாணியே உருவாகிவிட்டது.

எல்லாப் பொருளுக்கும் இது செல்லாது. ஏற்கெனவே தெரிந்த பொருளுக்குத்தான் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: விரலை நீட்டும் போர்க்காலப் போஸ்டர்கள் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பது எப்படி? வகுப்பில் மாணவர்களுக்கு விளக்க வேண்டும்.

நேரே பார்க்கும் கண்ணைத் தட்டையான தாளில் வரைந்துவிட்டால் நீங்கள் இடம் மாறினாலும் விழியின் இருப்பு மாறாது. நிஜ முகமாக இருந்தால் பக்கத்தில் போகும்போது பக்கவாட்டு முகம் தெரியும். தாளில் அது நடக்காததால் பார்வை உங்களையே தொடர்வதுபோல் இருக்கும். விரலும் அப்படித்தான்: நீளத்தைச் சுருக்கி, நுனியைப் பெரிதாக, நேராகப் பார்ப்பவரை நோக்கி வரைந்தால் தப்பிக்க இடமில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே இந்த வித்தை கெட்டுவிடும்.

ஆல்ஃபிரட் லீட் வரைந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு, 1914 செப்டம்பர் 5-ஆம் தேதி லண்டனின் ஒரு வாரப் பத்திரிகை அட்டையில் முதலில் வந்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃப்ளாக் அதைப் பின்பற்றி, அமெரிக்காவையே ஓர் ஆளாக உருவகிக்கும் 'அங்கிள் சாமை' வரைந்தார். அந்த முகத்துக்குத் தன் முகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். 1917-18-இல் மட்டும் அது 40 லட்சம் பிரதிக்கு மேல் அச்சானது. 1920-இல் ரஷ்யாவில் டிமிட்ரி மூர் முழுச் சிவப்பில் ஒரு போர்வீரனை, ஆலைப் புகைபோக்கிகளுக்கு முன்னால், அதே விரலோடு நிறுத்தினார். அங்கே கட்டளைக்குப் பதில் ஒரு கேள்வி: 'நீ பெயர் கொடுத்துவிட்டாயா?' எங்களுக்கு மூன்றில் கூர்மையாகப் படுவது இதுதான். கட்டளையைக் காதில் வாங்காமல் போகலாம். கேள்வி கேட்டால் மனசுக்குள்ளாவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

விரலே இல்லாமல் இதைவிட அழுத்தியதும் உண்டு. 1915-இல் பிரிட்டனில் வந்த சாவில் லம்லியின் போஸ்டர்: நாற்காலியில் அப்பா, மடியில் மகள், தரையில் பொம்மைப் போர்வீரர்களோடு மகன். 'அப்பா, பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று மகள் கேட்கிறாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அது முடிந்த பிறகான காலத்தைக் காட்டி, இன்று போகாவிட்டால் நாளை வரப்போகும் வெட்கத்தை இன்றே உணர வைக்கிறார்கள்.

வகுப்புக்கு 1937-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரசார ஆய்வு நிறுவனத்தின் ஏழு உத்திகள் கைகொடுக்கும்: எதிரிக்கு இழிபெயர் சூட்டுவது, 'சுதந்திரம்', 'பெருமை' போன்ற பளபளப்பான சொல்லை வீசுவது, கொடி, தாய், தெய்வம் ஆகியவற்றின் மதிப்பைச் சரக்கின் மேல் ஏற்றுவது, பிரபலத்தைச் சாட்சிக்கு இழுப்பது, 'நானும் உங்களில் ஒருவன்' என்பது, சாதகமானதை மட்டும் காட்டிப் பாதகத்தை மறைப்பது, 'எல்லாரும் வந்துவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி' என்பது.

மாணவர்களிடம் பட்டியலை முதலில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் படத்தைப் பார்க்காமல் பெட்டிக்குள் போடத் தொடங்கிவிடுவார்கள். போஸ்டரை ஐந்து விநாடி காட்டி மறைத்து, நினைவில் நின்றதை எழுதச் சொல்லுங்கள். அடுத்து, கண் முதலில் எங்கே விழுந்தது, பிறகு எங்கே போனது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மூன்றாவதாக, யாரைக் காட்டவில்லை என்று கேளுங்கள். ஆள்சேர்ப்புப் போஸ்டர்களில் காயம்பட்டவன் அநேகமாக இருக்கமாட்டான். பட்டியல் அதற்குப் பிறகு.

கேள்வி: 'அமைதி காத்து வேலையைத் தொடருங்கள்' என்ற பிரிட்டிஷ் போஸ்டர்தான் இரண்டாம் உலகப்போரில் மக்களுக்குத் தெம்பு தந்ததாமே?

இல்லை. 1939-இல் 24 லட்சத்துக்கும் மேல் அச்சடித்து, பெரும் தாக்குதல் வந்தால் ஒட்டலாம் என்று கிடங்கில் வைத்தார்கள். பொதுவெளியில் ஒட்டப்பட்டது மிகமிகக் குறைவு. பெரும்பகுதி காகிதக் கூழுக்குப் போனது. 2000-இல் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகே உலகம் அறிந்தது. சட்டைக் கையை மடித்து முஷ்டியை உயர்த்தும் அமெரிக்கப் பெண் போஸ்டரும் இதே ரகம். 1943-இல் ஜே. ஹோவர்ட் மில்லர் ஒரு நிறுவனத்தின் ஆலைகளுக்குள் மட்டும் சில வாரம் ஒட்டுவதற்காகச் செய்தது அது.

கேள்வி: 1890களின் அசல் என்று ஒருவர் போஸ்டர் விற்க வருகிறார். எப்படிச் சோதிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஸ்கேல், புற ஊதா டார்ச் போதும்.

முதலில் அளவு. பிரதி எடுப்பவர்கள் பெரும்பாலும் இன்றைய தாளுக்கு ஏற்பச் சுருக்கிவிடுவார்கள். அசலின் அளவை அருங்காட்சியகப் பட்டியலில் பார்த்து ஒப்பிடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையலாம். எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் சந்தேகம்தான்.

அடுத்து லென்ஸ். மென்மையான சாயலுள்ள கன்னம், வானம் போன்ற இடத்தில் வையுங்கள். கல்லச்சில் கிரேயானின் ஒழுங்கற்ற மணல்தடமோ சிதறிய புள்ளிகளோ தெரியும். நாலு நிறப் புள்ளிகள் சுழன்று சின்னச் சின்னப் பூ வடிவமாக அடுக்கியிருந்தால் அது புகைப்படம் எடுத்து ஆஃப்செட்டில் அடித்தது. 1890களின் கல்லச்சுப் போஸ்டரில் அந்தப் பூ இருக்க வழியில்லை. ஆனால் ஒழுங்கான புள்ளி வரிசை கண்டவுடன் ஒதுக்கிவிடாதீர்கள். கல்லிலேயே புள்ளிச் சாயலை ஏற்றும் முறை அன்றும் இருந்தது. அது ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கும், பூவாகச் சுழலாது. கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயருள்ள பொடி எழுத்தையும் பாருங்கள். அசலில் விளிம்பு கெட்டியாக இருக்கும், பிரதியில் எழுத்தே புள்ளிகளாக உடையும்.

மடிப்பைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குக் கசங்கல் தெரிந்து விரலுக்கு வழவழப்பாக இருந்தால், அசலின் மடிப்பும் சேர்த்துப் புகைப்படமாகியிருக்கிறது. கடைசியாக இருட்டறையில் புற ஊதா வெளிச்சம். தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. அது காகிதத்தில் பரவலாக வந்தது 1950 வாக்கில். பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்தால் அது ஒளிரலாம், ஆகவே முன்பக்கத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். அடியில் அச்சிட்ட ஆண்டை ஆதாரமாக எடுக்காதீர்கள். பிரதியிலும் அதே ஆண்டு இருக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் பழைய பாணியில் போஸ்டர் செய்தால் எப்போதும் போலியாகத் தெரிகிறது. என்ன தவறு?

பெரும்பாலானவர்கள் புதுப் பாணியில் வடிவமைத்துவிட்டு, மேலே கறையும் கீறலும் உள்ள ஒரு லேயரை விரிக்கிறார்கள். ஒட்டிய அன்று அந்தப் போஸ்டர்களில் கறை கிடையாது. அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

50 × 70 செ.மீ. போஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். தாளுக்கு வெளிர் கிரீம் நிறம். மை மூன்று மட்டும்: சூடான மஞ்சள், செங்கல் சிவப்பு, அடர் நீலம். ஒவ்வொரு மைக்கும் ஒரு லேயர். மல்டிப்ளை முறையில் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கலவை நிறம் தானாக வரும். நிறப்பெட்டியிலிருந்து நாலாவது நிறத்தை எடுக்க ஆசை வரும், எடுக்காதீர்கள். முழுக் கறுப்புக்குப் பதில் நீலமும் சிவப்பும் சேர்ந்த இருட்டே போதும். அதிக வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை விட்டுவிடுங்கள்.

முதல் வரைவைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்ன படம் என்று புரியாவிட்டால் உருவத்தின் வெளிக்கோட்டைத் திருத்த வேண்டும். விவரம் சேர்ப்பதால் பலனில்லை. நிழலுக்கான கிரேயான் தடத்தைச் சொரசொரப்பான தாளில் நிஜமாகவே தேய்த்து, ஸ்கேன் செய்து, நீல லேயரில் மட்டும் போடுங்கள். ரிஜிஸ்டர் விலகலும் ஒரே ஒரு லேயரில், அரை மில்லிமீட்டருக்குள். எல்லா லேயரையும் நகர்த்தினால் கண் வலிக்கும், வேடம் கலைந்துவிடும்.

எழுத்துதான் முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம். அன்று படம் வரைந்த கையே அநேகமாக எழுத்தையும் வரைந்தது. படம் வளையும் திசையில் எழுத்தும் வளைந்தது. ரெடிமேட் ஃபான்ட்டைத் தட்டினால் ஒட்டாது. குறைந்தபட்சம் தலைப்பையாவது கையால் வரையுங்கள். தமிழில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கொக்கியும் வருவதால் ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி போதாது, இரண்டு வரிகள் முட்டிக்கொள்ளும். உயரத்துக்குக் கணக்கு: ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பத்து மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமென்றால் எழுத்து 8 செ.மீ.

அச்சுக்குப் பளபளப்பில்லாத, கோட்டிங் இல்லாத 150-170 ஜி.எஸ்.எம். தாள். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் மூன்று ஸ்கிரீன். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில், நடுவில் நன்றாகக் காய விடுங்கள். வாங்கும்போதே ஒளி ஊடுருவும் மை என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மஞ்சளின் மேல் நீலம் நீலமாகவே நிற்கும். ரிசோகிராஃப் (ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சடிக்கும் நகல் மெஷின்) வசதி இருந்தால் ஏ3 அளவில் இன்னும் எளிது, விலகல் தானாகவே வரும். அந்த மை முழுசாகக் காயாது. தடவினால் கையில் ஒட்டும்.

கேள்வி: சுவரில் மாட்டியிருந்த பழைய போஸ்டர் முழுக்க நீலமாகிவிட்டது. பழைய நிறம் திரும்புமா?

திரும்பாது. சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தில் முதலில் வெளுப்பவை, நீலமும் கறுப்பும் தாங்கி நிற்கும். மிஞ்சியதைக் காக்கலாம்: நேர் வெயில் படாத சுவர், 50 லக்ஸுக்குள் வெளிச்சம், புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு, தாளும் தகடும் ஒட்டாமலிருக்க இடையில் அமிலமற்ற பருத்தி அட்டை. தகடு புற ஊதாவைத்தான் தடுக்கும். சாதாரண வெளிச்சமும் வெளுக்கச் செய்யும் என்பதால், சில மாதம் மாட்டிவிட்டுச் சில மாதம் இருட்டில் படுக்க வையுங்கள்.

கேள்வி: ஓரம் கிழிந்திருக்கிறது. செல்லோடேப் ஒட்டலாமா?

கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு டேப்பை எடுத்தாலும் கறை போகாது. சூட்டில் அட்டையோடு ஒட்டிவிடும் முறையும் வேண்டாம், திரும்பப் பிரிக்க முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து, கோதுமை ஸ்டார்ச் பசையில் பின்பக்கமாக ஒட்டுங்கள். கிழித்த ஓரத்தின் நார் பரவிப் பிடிப்பதால் முன்பக்கம் கோடு விழாது. தேவைப்பட்டால் ஈரமாக்கிக் கழற்றலாம். ஆனால் நனைப்பதற்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் மூலையில் ஒரு சொட்டு நீர் வைத்து, பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த வேலையைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.